எஸ்எம்பிஎஸ் நல்லதா, கெட்டதா? லேபிள் முதல் மல்டிமீட்டர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வருபவர்கள் கொண்டுவரும் பட்டியலில் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ரேம் எல்லாம் மாடல் எண்ணோடு இருக்கும். கடைசி வரியில் மட்டும் "எஸ்எம்பிஎஸ் 450 வாட்" என்று மொட்டையாக இருக்கும். எந்த கம்பெனி, எந்த மாடல் என்று ஒன்றும் இருக்காது. மற்றதெல்லாம் வாங்கிய பிறகு மிச்சமிருக்கும் பணத்துக்கு ஏதோ ஒன்று, அல்லது கேபினெட்டோடு சேர்ந்து வருவது. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள அத்தனை பொருளும் ஓடுவது எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை என்ற இந்த ஒரு பெட்டி கொடுக்கும் கரண்டில்தான்.

பவர் சப்ளையிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். சொன்ன வாட்டை, சரியான வோல்டேஜில், சுத்தமாகக் கொடுக்கிறதா? கெட்டுப்போகும் நாளில் தான் மட்டும் கெடுமா, மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமா? முதல் கேள்வியைச் சிலராவது கேட்கிறார்கள். இரண்டாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் பணம் கொடுப்பதே அந்த இரண்டாவது கேள்விக்குத்தான்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு முதல் ஐந்து படிகள். கையில் ஏற்கெனவே ஒன்று இருந்து, அது சரியா என்று பார்க்க வேண்டும் என்றால் 2-ஆம் படியைப் படித்துவிட்டு நேராக 6-க்குப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 முதல் 390 வோல்ட் வரை டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடும் என்று நம்ப முடியாது. இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாச் சோதனையையும் பெட்டியைத் திறக்காமலே செய்யலாம்.

படி 1: உங்கள் மெஷின் எவ்வளவு கேட்கிறது?

ஒரு சாதாரண கேமிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. பிராசசர் 65 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் முழு வேகத்தில் 76 வாட் வரை இழுக்கும். கார்டு 170 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 50, 60 வாட் வையுங்கள். மொத்தம் சுமார் 300 வாட்.

ஆனால் இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். இந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. கிராபிக்ஸ் கார்டு சராசரியாக 170 வாட் இழுத்தாலும், கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்துக்கு அதைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டுத் திரும்பும். அந்தக் கணத்தில் பவர் சப்ளை தடுமாறினால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். போதாததற்கு, நீங்கள் எவ்வளவு மட்டமான எஸ்எம்பிஎஸ் போடுவீர்கள் என்பது கார்டு கம்பெனிக்குத் தெரியாது. அதனால் தாராளமாகவே சொல்லிவைக்கிறார்கள். நல்ல தரமான 450 வாட் சப்ளை இந்த மெஷினை ஓட்டிவிடும், 550 இருந்தால் நிம்மதி. 750 வாங்குவதில் இந்த மெஷினுக்கு லாபம் ஒன்றும் இல்லை. அந்தக் கூடுதல் பணத்தை 550 வாட்டிலேயே நல்ல மாடலுக்குப் போடுங்கள்.

பெரிய கார்டு போடுகிறவர்கள் ஏடிஎக்ஸ் (பவர் சப்ளைக்கான பொது விதிமுறை) 3.0 அல்லது 3.1 என்று குறிப்பிட்டுள்ள மாடலையே பாருங்கள். இன்டெல் 2022-இல் வெளியிட்ட 3.0 விதிப்படி, புது 16 பின் கனெக்டரோடு வரும் பெரிய சப்ளைகள் தம் வாட்டைப் போல இரண்டு மடங்கு லோடை 100 மைக்ரோசெகண்டுக்குத் தாங்க வேண்டும். அந்த 16 பின் கனெக்டர்தான் 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் உருகி செய்தியானது. அதன்பின் வந்த 12வி-2x6 வடிவத்தில், பிளக் மாட்டியிருப்பதைக் கார்டுக்குச் சொல்லும் சிறிய சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள். பிளக் முழுதாக உள்ளே போகாவிட்டால் கார்டு லோடு எடுக்காது. எந்த வடிவமாக இருந்தாலும் இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்திச் செருகுங்கள். கனெக்டருக்கு ஒட்டிய இடத்திலேயே வயரை மடக்காதீர்கள்.

படி 2: லேபிளைப் படியுங்கள், பெட்டியின் பெரிய எழுத்தை அல்ல

எந்த எஸ்எம்பிஎஸ்-ஸிலும் பக்கவாட்டில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். கடையிலேயே அட்டைப்பெட்டியைப் பிரிக்கச் சொல்லி அதைப் பாருங்கள். பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: +12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர்? அதை 12-ஆல் பெருக்குங்கள்.

இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. மொத்த லோடில் பெரும்பங்கு அதுவே. ஆகவே 12 வோல்ட்டில் என்ன கிடைக்கிறதோ அதுதான் அந்த சப்ளையின் உண்மையான பலம்.

450 வாட் என்று அச்சிட்ட மலிவு சப்ளைகளில் கணக்கு எப்படி வருகிறது என்று ஒரு உதாரணம். 3.3 வோல்ட்டில் 24 ஆம்பியர், அது 79 வாட். 5 வோல்ட்டில் 30 ஆம்பியர், 150 வாட். 12 வோல்ட்டில் 17 ஆம்பியர், 204 வாட். மைனஸ் 12-க்கும் ஸ்டாண்ட்பைக்கும் ஒரு 20 வாட். எல்லாவற்றையும் கூட்டினால் 450-ஐத் தொட்டுவிடும். ஆனால் 3.3, 5 வோல்ட் லைன்களை அந்த அளவுக்கு இழுக்கும் மதர்போர்டு இன்று கிடையாது. உங்களுக்குப் பயன்படுவது 204 வாட் மட்டுமே. உண்மையான 450 வாட் சப்ளையில் 12 வோல்ட் வரிசை 36, 37 ஆம்பியர் காட்டும். அதாவது 430, 440 வாட்.

12 வோல்ட் இரண்டு வரிசையாக, 12வி1, 12வி2 என்று பிரித்துப் போட்டிருந்தால் இரண்டையும் கூட்டாதீர்கள். கீழே இரண்டுக்கும் சேர்த்து ஒரு மொத்த வாட் போட்டிருக்கும், அதுதான் கணக்கு. அந்த மொத்தமே போடவில்லை என்றால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதே லேபிளில் இன்னும் இரண்டு விஷயங்கள். இன்புட் "100-240 வோல்ட்" என்று இருந்து, பின்பக்கம் 115/230 என்ற சிவப்பு ஸ்விட்ச் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள சப்ளை. ஸ்விட்ச் இருந்தால் பழைய டிசைன். அதை யாராவது விளையாட்டாக 115-க்குத் தள்ளிவிட்டு நம் ஊர் 230 வோல்ட்டில் போட்டால் வெடிக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது வெப்பநிலை. முழு வாட்டையும் எத்தனை டிகிரியில் கொடுக்கும் என்பதை நல்ல கம்பெனிகள் 40 அல்லது 50 டிகிரி என்று சொல்லிவிடும். 25 டிகிரி கணக்கில் போட்ட வாட் நமக்கு உதவாது. மே மாதம் சென்னையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத அறையில், கேபினெட்டுக்குள் 40 டிகிரி என்பது சாதாரணம்.

படி 3: 80 பிளஸ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

பிரான்ஸ், கோல்டு, பிளாட்டினம் என்ற முத்திரைகள் 2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய 80 பிளஸ் திட்டத்தைச் சேர்ந்தவை. சுவரிலிருந்து எடுக்கும் கரண்டில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போகிறது, எத்தனை சூடாக வீணாகிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன. 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90, பிளாட்டினம் 92, டைட்டானியம் 94. நம்முடைய 230 வோல்ட்டில் அதே சப்ளை ஓரிரண்டு சதவீதம் கூடுதலாகவே கொடுக்கும்.

மின்கட்டணத்தில் என்ன மிச்சம்? 300 வாட் லோடை 80 சதவீதத் திறனுள்ள சப்ளை கொடுக்க 375 வாட் இழுக்கும். 90 சதவீதம் உள்ளது 333 வாட் இழுக்கும். வித்தியாசம் 42 வாட். தினம் 4 மணி நேரம் அந்த லோடில் ஓடினால் வருடத்துக்கு 61 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 490 ரூபாய். தினமும் விளையாடுகிறவர்களுக்கும் வீடியோ ரெண்டர் செய்கிறவர்களுக்கும் சில வருடங்களில் கோல்டு தன் விலையை ஈடுகட்டிவிடும். டைப்பிங்கும் டேலியும் மட்டும் ஓடும் 80 வாட் ஆபீஸ் மெஷினுக்கு அது தேவையே இல்லை.

இந்த முத்திரை சொல்லாதவை நிறைய. வோல்டேஜ் எவ்வளவு ஆடுகிறது, ரிப்பிள் (டிசி மேல் வரும் சிறு அலை) எவ்வளவு, ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்பதெல்லாம் 80 பிளஸ் சோதனையில் வராது. சோதனையும் 23 டிகிரி குளிரில் நடப்பது. கோல்டு முத்திரையை நம்பி மட்டும் வாங்கக் கூடாது என்பதற்கு எல்லோரும் அறிந்த சம்பவம் ஒன்று உண்டு. ஜிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற இரண்டு மாடல்கள் கோல்டு சான்று பெற்றவை. அவை சோதனையில் வெடிப்பதை 2021-இல் கேமர்ஸ் நெக்சஸ் என்ற யூடியூப் சேனல் காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜிகாபைட் வெளியிட்ட அறிக்கையில், ஓவர் பவர் பாதுகாப்பு செயல்படும் அளவை 120-150 சதவீதத்திலிருந்து 110-120 சதவீதத்துக்குக் குறைத்ததாகச் சொன்னார்கள். அதாவது 750 வாட் சப்ளை 1125 வாட் வரைக்கும் லோடு எடுக்க விட்டிருந்தது. திறன் முத்திரை ஒரு பக்கம், பாதுகாப்பு இன்னொரு பக்கம். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை முடிவு செய்ய முடியாது.

சைபனெட்டிக்ஸ் என்ற அமைப்பின் சான்று இருந்தால் அதை நான் இன்னும் அதிகமாக மதிப்பேன். திறனுக்கு ஈட்டா, சத்தத்துக்கு லாம்டா என்று தனித்தனியாகத் தருகிறார்கள். முழுச் சோதனை அறிக்கையையும் இலவசமாக வெளியிடுகிறார்கள்.

படி 4: சோதனை அறிக்கையில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது?

பிராண்ட் பெயரைத் தாண்டி உள்ளே யார் செய்தது என்று பாருங்கள். பல பிராண்டுகள் சொந்தமாகத் தயாரிப்பதில்லை. சீசோனிக், சூப்பர் ஃப்ளவர், சேனல் வெல், எஃப்எஸ்பி, கிரேட் வால் போன்ற தொழிற்சாலைகளில் செய்து தம் பெயரை ஒட்டுகிறார்கள். ஒரே பிராண்டில் ஒரு வரிசை அருமையாகவும் இன்னொரு வரிசை சுமாராகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். லேபிளில் யூஎல் (அமெரிக்கப் பாதுகாப்புச் சான்று) முத்திரைக்குப் பக்கத்தில் "ஈ" எழுத்தோடு தொடங்கும் எண் இருந்தால் அதை வைத்துப் பெரும்பாலும் உண்மையான தயாரிப்பாளரைக் கண்டுபிடித்துவிடலாம்.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது, லோடு ஏற ஏற வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பது. விதிப்படி 12 வோல்ட் 5 சதவீதம் வரை ஆடலாம். ஆனால் நல்ல சப்ளைகள் 1 சதவீதத்துக்குள் நின்றுவிடும்.

இரண்டாவது ரிப்பிள். டிசி கரண்டின் மேல் ஒட்டிக்கொண்டு வரும் சிறு அலை. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5-லும் 3.3-லும் 50 மில்லிவோல்ட் என்பது வரம்பு. முழு லோடில் 12 வோல்ட் ரிப்பிள் 30, 40-க்குள் இருந்தால் சிறப்பு. 100-ஐ நெருங்கினால் புதிதாக இருக்கும்போதே விளிம்பில் நிற்கிறது என்று பொருள். கெபாசிட்டர்களுக்கு வயதாக ஆக அது கூடத்தான் செய்யும். அந்த அலையைத் தாங்குவது மதர்போர்டில் உள்ள கெபாசிட்டர்கள், அவற்றின் ஆயுள் குறையும்.

மூன்றாவது ஹோல்டப் நேரம். மெயின் கரண்ட் போன பிறகு எத்தனை மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும் என்பது. பழைய ஏடிஎக்ஸ் விதியில் முழு லோடில் 16, 17 மில்லிசெகண்ட். விலையைக் குறைக்கச் சிறிய கெபாசிட்டர் போடும் சப்ளைகள் முதலில் தோற்பது இங்கேதான். பவர் கட்டும் யுபிஎஸ்-ஸும் உள்ள நம் ஊரில் இந்த எண் மிக முக்கியம். 8-ஆம் படியில் அதற்குத் திரும்புவோம்.

நான்காவது பாதுகாப்புகள். ஓவர் கரண்ட், ஓவர் பவர், ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட், ஓவர் ஹீட் என்று ஆறு. பெட்டியில் எல்லாமே அச்சிட்டிருக்கும். அறிக்கையில் உண்மையிலேயே எந்த அளவில் அணைந்தது என்று இருக்கும். மலிவு மாடல்களில் அடிக்கடி விட்டுப்போவது ஓவர் ஹீட் பாதுகாப்பு.

அப்புறம், மலிவு மாடல்களில் குரூப் ரெகுலேஷன் என்ற பழைய டிசைன் இன்னும் வருகிறது. 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே சர்க்யூட் சேர்த்துக் கட்டுப்படுத்தும். 12 வோல்ட்டில் லோடு ஏறி 5 வோல்ட் சும்மா இருந்தால், 12 கீழே இறங்கும், 5 மேலே ஏறும். இன்றைய மெஷின் எல்லாமே அப்படித்தான் லோடு எடுக்கிறது. 12 வோல்ட் வாட் மொத்த வாட்டுக்கு ஒட்டியே இருந்தால் பெரும்பாலும் டிசி-டு-டிசி என்ற புது டிசைன், அதையே வாங்குங்கள்.

படி 5: கையில் வாங்கிப் பாருங்கள்

எடை ஒரு குறிப்புதான், சான்று அல்ல. ஆனால் 500 வாட் என்று எழுதிய பெட்டி காலி டப்பா போல இருந்தால் உள்ளே ஹீட்சிங்கும் காயிலும் இல்லை என்று அர்த்தம்.

வயரில் அச்சிட்டிருக்கும் கேஜ் எண்ணைப் படியுங்கள். 18 ஏடபிள்யூஜி இருக்க வேண்டும். 20 அல்லது 22 என்றால் மெல்லிய வயர், லோடில் சூடாகும். எண் கூடினால் வயர் மெலியும் என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு டார்ச் அடித்து ஃபேன் கிரில் வழியாக உள்ளே பாருங்கள். பவர் கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறச் செவ்வகக் கட்டி ஒன்று, நீல நிற வட்டத் தட்டுகள் இரண்டு, செம்புக் கம்பி சுற்றிய காயில் ஒன்றோ இரண்டோ தெரிய வேண்டும். லைனில் வரும் இரைச்சலை வடிகட்டும் பகுதி இது. விலை குறைக்கிறவர்கள் முதலில் கை வைப்பதும் இங்கேதான். காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டை வைத்துப் பற்றவைத்திருப்பதை மட்டமான சப்ளைகளில் கிரில் வழியாகவே காணலாம். பெரிய கெபாசிட்டரின் மேல் 105 டிகிரி என்று இருந்தால் நல்லது. 85 டிகிரி என்றால் நம் வெயிலுக்கு ஆயுள் குறைவு. கெபாசிட்டர் 10 டிகிரி குறைவான சூட்டில் ஓடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் துறையில் எல்லோரும் வைக்கும் கணக்கு.

வாரன்டி காலம் கம்பெனியின் சொந்த நம்பிக்கையைக் காட்டும். 1 வருடம் தருகிறவர்களுக்கும் 7, 10 வருடம் தருகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசம் விளம்பரம் மட்டுமல்ல. சர்வீஸ் சென்டர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

படி 6: உயிர் இருக்கிறதா?

இப்போது கையில் உள்ள சப்ளையைச் சோதிப்போம். கேபினெட்டிலிருந்து எல்லா கனெக்டரையும் கழற்றிவிட்டு, பவர் கார்டை மட்டும் செருகி ஸ்விட்சைப் போடுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வையுங்கள். கறுப்பு புரோபை ஏதாவது ஒரு கறுப்பு வயரிலும், சிவப்பு புரோபை 24 பின் கனெக்டரின் ஊதா வயரிலும் வைத்தால் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் காட்ட வேண்டும். இது ஸ்டாண்ட்பை வோல்டேஜ். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் இது வந்துகொண்டே இருக்கும். இதுவே இல்லை என்றால் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பயன் இல்லை.

அது சரியாக இருந்தால் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஒரு கம்பித் துண்டால் பச்சை வயர் பின்னையும் பக்கத்துக் கறுப்பு வயர் பின்னையும் இணைத்து மறுபடி போடுங்கள். ஃபேன் சுற்றும். இப்போது வரும் சப்ளைகளில் எல்லா வயரும் கறுப்பாகவே இருக்கும், அப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? 24 பின் கனெக்டரில் கிளிப் உள்ள பக்கத்து வரிசையைப் பாருங்கள். அதில் ஒரு ஓட்டை மட்டும் பின் இல்லாமல் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்திலிருந்து பின்கள் அதிகமாக உள்ள பக்கமாக எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று வரை கிரவுண்ட் வயர், அதாவது மேலே சொன்ன கறுப்பு. நான்காவதுதான் மேலே சொன்ன பச்சை வயரின் இடம். மூன்றையும் நான்கையும் இணைத்தால் போதும்.

ஃபேன் சுற்றியதும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். அது தப்பு. சப்ளை ஸ்டார்ட் ஆகிறது என்பதற்கு மேல் இந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. லோடு இல்லாமல் 12.1 வோல்ட் காட்டும் சப்ளை, கேம் ஓடும்போது 11.2-க்கு இறங்கலாம். ஃபேன் சுற்றவில்லை என்பதற்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம். சில கோல்டு மாடல்களில் லோடு குறைவாக இருக்கும்போது ஃபேனே ஓடாது.

படி 7: லோடில் அளந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மீட்டரிலிருந்து தொடங்குவோம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரே போதும், ஆனால் அதன் 9 வோல்ட் பேட்டரி புதிதாக இருக்கட்டும். பேட்டரி இறங்கிய மலிவு மீட்டர்கள் வோல்டேஜைக் கூட்டிக் காட்டும். 12.6 என்று பார்த்துப் பயந்து நல்ல சப்ளையைக் குறை சொல்ல நேரிடும்.

கம்ப்யூட்டரை வழக்கம்போல மாட்டி ஆன் செய்யுங்கள். 24 பின் கனெக்டரின் பின்பக்கம், வயர் உள்ளே போகும் இடத்தில் புரோப் முனையை மெதுவாகச் செருகி அளக்கலாம். பயன்படாமல் தொங்கும் மோலெக்ஸ் (பழைய நான்கு பின்) கனெக்டர் இருந்தால் இன்னும் சுலபம். மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. இரண்டு புரோப்களும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா இருக்கும்போது ஒரு தடவை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கனமான கேமையோ, பிராசசரையும் கார்டையும் ஒன்றாக வேலை வாங்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்டையோ 20 நிமிடம் ஓடவிட்டு மறுபடி அளங்கள். 12 வோல்ட் லைன் 11.40 முதல் 12.60 வரை, 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் 3.14 முதல் 3.46 வரை இருக்க வேண்டும்.

எல்லைக்குள் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். 12.10-இலிருந்து 12.00 வந்தால் நிம்மதியாக இருக்கலாம். 12.25-இலிருந்து 11.55-க்கு விழுந்தால், இரண்டு எண்ணும் எல்லைக்குள்தான், ஆனாலும் அந்த சப்ளையை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். லோடு ஏறும்போது 12 இறங்கி 5 மட்டும் மேலே போனால் 4-ஆம் படியில் பார்த்த குரூப் ரெகுலேஷன் அங்கே இருக்கிறது. நிமிடங்கள் போகப் போக, சூடு ஏற ஏற வோல்டேஜ் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் கெபாசிட்டர்களுக்கு வயதாகிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

கம்ப்யூட்டர் திரையில் சாஃப்ட்வேர் காட்டும் வோல்டேஜை வைத்து முடிவெடுக்காதீர்கள். 12 வோல்ட் லைன் 11.1 என்றோ 8 என்றோ சாஃப்ட்வேரில் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது 8 வோல்ட் என்பது சாத்தியமே இல்லை. மதர்போர்டு சென்சார் கணக்கைத் தப்பாகப் போடுகிறது, அவ்வளவுதான். மீட்டர்தான் சாட்சி.

விலையுள்ள மெஷினில் மாட்டாமல் சோதிக்க விரும்பும் சர்வீஸ்காரர்களுக்கு ஒரு வழி, கார் ஹெட்லைட் பல்பு. 12 வோல்ட் எச்4 பல்பில் 60 வாட், 55 வாட் என இரண்டு ஃபிலமென்ட் உண்டு. ஒன்றைப் போட்டால் சுமார் 5 ஆம்பியர் லோடு. நான்கு பல்பை இணைத்தால் 20 ஆம்பியருக்குப் பக்கத்தில் வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிடாதீர்கள். குளிர்ந்த ஃபிலமென்ட் ஆரம்பத்தில் பத்து மடங்குக்கு மேல் கரண்ட் இழுக்கும், நல்ல சப்ளை அதை ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும். ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒரே மோலெக்ஸ் வயரில் எல்லாப் பல்பையும் தொங்கவிடாமல் பல வயர்களில் பிரித்துப் போடுங்கள். பல்பு கொதிக்கும், மரத்தின் மேலோ பிளாஸ்டிக் மேலோ வைக்கக் கூடாது. ரிப்பிள் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும், மல்டிமீட்டரில் தெரியாது.

படி 8: உங்கள் வீட்டுக் கரண்டோடு சேர்த்துப் பாருங்கள்

வெளிநாட்டு விமர்சனங்களில் இந்தப் பகுதி அநேகமாக இருக்காது. நமக்கு இது இல்லாமல் முடியாது.

முதலில் யுபிஎஸ். கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் கொடுக்கும். 300 வாட் இழுக்கும் கேமிங் மெஷினும் மானிட்டரும் சேர்ந்தால் அதற்கு மூச்சு முட்டும். அதோடு இந்த ரக யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது சைன் அலை தருவதில்லை, படிக்கட்டு போல உடைந்த அலையைத்தான் தருகிறது. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல சப்ளைகளில் சில அந்த அலையோடு ஒத்துப்போவதில்லை. கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் அலறும், மெஷின் அணையும். மலிவு எஸ்எம்பிஎஸ் போட்டிருந்தபோது வேலை செய்த யுபிஎஸ், நல்லது மாட்டியதும் படுத்துக்கொள்கிறது என்று புகார் வருவது இதனால்தான். சப்ளையைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். பியூர் சைன் வேவ் யுபிஎஸ் தேவைப்படலாம், அல்லது போதுமான வாட் உள்ள பெரிய யுபிஎஸ் போதுமானதாக இருக்கலாம்.

அடுத்து வீட்டு இன்வெர்ட்டர். அதன் பின்பக்கம் யுபிஎஸ் மோட், எக்கோ அல்லது நார்மல் மோட் என்று ஒரு ஸ்விட்ச் பல மாடல்களில் இருக்கும். நார்மல் மோடில் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் அதிகம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது. ஆனால் எஸ்எம்பிஎஸ்-ஸின் ஹோல்டப் (கரண்ட் போன பிறகு தாக்குப்பிடிக்கும் நேரம், 4-ஆம் படி) 16 மில்லிசெகண்ட்தான், நம் லைனில் ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இன்வெர்ட்டர் மாறியாக வேண்டும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீட்டில் யுபிஎஸ் மோடில் வையுங்கள்.

சோதிப்பது சுலபம். எல்லா ஃபைலையும் சேவ் செய்து மூடுங்கள். கேம் அல்லது ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓடும்போது மெயின் ஸ்விட்சை அணையுங்கள். மெஷின் அசையாமல் ஓடினால் சப்ளையும் இன்வெர்ட்டரும் பொருந்துகின்றன. லோடு இல்லாமல் தாங்கி, லோடில் மட்டும் அணைந்தால் ஹோல்டப் போதவில்லை.

கடைசியாக எர்த். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது, எஸ்எம்பிஎஸ் லீக் ஆகிறது என்று பலர் சப்ளையையே மாற்றிவிடுகிறார்கள். புதிதிலும் அதே சுரீர் இருக்கும். காரணம், 5-ஆம் படியில் டார்ச் அடித்துப் பார்த்த அந்த நீலத் தட்டுகள். லைனிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு கெபாசிட்டர்கள் கேபினெட் பாடியோடு இணைந்திருக்கின்றன. இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. பிளக் பாயின்டில் எர்த் இல்லை என்றால், அந்த இரண்டும் சேர்ந்து பாடியை 230-இல் பாதிக்கு, அதாவது 115 வோல்ட் அருகே கொண்டுவந்து நிறுத்திவிடும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு போகிறது. ஆனால் அந்த நிலையில் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ கேபிள்களை மாட்டிக் கழற்றினால் போர்ட்டுகள் போய்விடும்.

மல்டிமீட்டரை 750 வோல்ட் ஏசி-யில் வைத்து பிளக் பாயின்டில் அளந்து பாருங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் 230. லைனுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு, மூன்று வோல்ட். அப்படி வராவிட்டால் கூப்பிட வேண்டியது எலெக்ட்ரீஷியனை. புரோப்பின் உலோக முனையில் விரல் படக் கூடாது. பழக்கம் இல்லாவிட்டால் அந்த அளவையும் எலெக்ட்ரீஷியனையே எடுக்கச் சொல்லுங்கள்.

படி 9: மாற்றும் முடிவு

கேம் ஓடும்போது மட்டும் ப்ளூ ஸ்கிரீன் இல்லாமல் ரீஸ்டார்ட் ஆவது, காலையில் முதல் தடவை ஆன் ஆகாமல் இரண்டாவது, மூன்றாவது தடவையில் ஆவது, கருகிய வாசம், யுஎஸ்பி-யில் மாட்டிய ஹார்டு டிஸ்க் அடிக்கடி விட்டுப்போவது ஆகியவை சப்ளையைச் சந்தேகிக்க நல்ல காரணங்கள். விண்டோஸ் பதிவில் "கெர்னல் பவர் 41" என்று இருந்தால் கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்று மட்டுமே அர்த்தம். சப்ளைதான் குற்றவாளி என்று அது சொல்லவில்லை. கார்டிலிருந்தோ சப்ளையிலிருந்தோ வரும் மெல்லிய "ஙீ" சத்தம் காயில் ஒயின், எரிச்சலாக இருக்கும், ஆபத்து இல்லை.

கருகிய வாசம் வந்த சப்ளையை மறுபடி ஒரு தடவைகூட போட்டுப் பார்க்க வேண்டாம். வோல்டேஜ் எல்லை தாண்டியதையும் அப்படியே. "வேற சின்ன மெஷினுக்குப் போட்டுக்கலாம்" என்று எடுத்து வைக்காதீர்கள், இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

புதியதை மாட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. மாடுலர் சப்ளை (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால் பழைய கேபிள்கள் கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டியிருக்கின்றன என்று அவற்றையே புது சப்ளையில் செருகிவிடாதீர்கள். டிரைவ் பக்கம் எல்லா கனெக்டரும் ஒரே விதிப்படி இருக்கும். சப்ளை பக்கம் அப்படி எந்தப் பொது விதியும் இல்லை. பிளக் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய பின்னில் 12 வோல்ட் வந்து நிற்கலாம். ஆன் செய்த அந்த நொடியே ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டி-யும் போய்விடும், உள்ளே உள்ள போட்டோக்களோடு. ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்கு நடுவிலும் இது நடக்கும். டைகளை வெட்டி, பழைய கேபிள் ஒவ்வொன்றையும் உருவி, பழைய சப்ளையோடு ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.